வரிக் கணக்கும் வாலிபன் பாஸ்கலும்

1643-ம் வருஷம் ஜனவரி மாதக் கடைசி. பிரான்ஸ் தேசத்தின் வட பகுதியில், ஸேன் நதிக் கரையிலுள்ள ரூவான் நகரிலிருந்து எத்தியேன் பாஸ்கல் என்ற சர்க்கார் உத்தியோகஸ்தர் தம் மூத்த மகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். வேலைத் தொந்தரவு தாங்க முடியவில்லை. கடந்த நாலு மாதத்தில் இரவு இரண்டு மணிக்கு முன்னால் படுக்கைக்குப் போனது ஆறு நாள்கூட இராது என்று அதில் தெரிவித்திருந்தார். அவருக்கு அப்போது வயது ஐம்பத்து நாலு. பார்த்த வேலை வரி வசூல். பகலெல்லாம் ஊர்க்காரர்களின் முறையீடுகள். இரவெல்லாம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கூட்டல், கழித்தல்.

அதே வீட்டில் பத்தொன்பது வயது மகன் ஒருவன் இருந்தான். தகப்பனாருக்கு இரவுத் தூக்கத்தைத் திரும்ப வாங்கித் தந்துவிட வேண்டுமென்று, அவன் பல் சக்கரங்களையும் பித்தளைத் தகடுகளையும் வைத்துக்கொண்டு ஊர்த் தொழிலாளிகளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான். கூட்டல் கணக்கை மனிதன் மூளையால் போடாமல், யந்திரமே போட்டுவிட வேண்டும் என்பது அவனுடைய எண்ணம்.

அந்த மகன்தான் பிளேய்ஸ் பாஸ்கல். திரவங்களின் அழுத்தத்தைப் பற்றிய பாஸ்கல் விதியைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். கணிதம் படித்தவர்களுக்குப் பாஸ்கல் முக்கோணம் நினைவிருக்கும். ஆனால் அந்த மகா மேதை முதன்முதலாக உலகத்துக்குச் செய்து கொடுத்த கருவி, ஒரு வரி ஆபீஸின் கஷ்டத்திலிருந்து பிறந்தது என்பதை அறிந்தவர்கள் சிலரே.

வரிக் கோர்ட்டார் வீட்டுப் பிள்ளை

பிரான்ஸின் நடுவேயுள்ள மலைப் பிரதேசத்தில் கிளெர்மோன் என்ற ஊர். அங்கே 1623 ஜூன் 19-ந் தேதி பாஸ்கல் பிறந்தார். தகப்பனார் எத்தியேன், வரி சம்பந்தமான வழக்குகளை விசாரிக்கும் கோர்ட்டில் இரண்டாவது தலைவர். அம்மாதிரிப் பதவிகளை அக்காலத்தில் பணம் கொடுத்து வாங்குவார்கள், வேண்டாதபோது விற்றுவிடுவார்கள். நமக்கு இது லஞ்சம்போலத் தோன்றலாம். அன்றைய பிரான்ஸில் அது சட்டப்படி நடந்த வியாபாரம்.

பிளேய்ஸுக்கு மூன்று வயதாகும்போதே தாயார் காலமாகிவிட்டார். தமக்கை ஜில்பெர்த்துக்கு ஆறு வயது. தங்கை ஜாக்குலின் கைக்குழந்தை. எத்தியேன் மறுமணம் செய்துகொள்ளவில்லை. 1631-ல் மூன்று குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு பாரிஸுக்குக் குடிவந்தார். பையனை எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பாமல் தாமே பாடம் சொல்லிக் கொடுத்தார்.

அவர் நல்ல கணித அறிவுள்ளவர். பாரிஸில் மெர்ஸேன் என்ற பாதிரியாரைச் சுற்றிக் கூடிய கணித வித்வான்களின் கோஷ்டியில் அவருக்கும் இடம் இருந்தது. இருந்தும், மகனுக்கு மட்டும் கணிதத்தைக் கண்ணில் காட்டவில்லை. அதன் ருசி கண்டுவிட்டால் லத்தீனையும் கிரேக்கத்தையும் மறந்துவிடுவான் என்று பயம். ஆனால் பையனோ பன்னிரண்டாவது வயதில், விளையாட்டு நேரத்தில், கரித் துண்டால் தரையில் கோடும் வட்டமும் கிழித்து, அவற்றுக்குத் தானே பெயர் வைத்துக்கொண்டு ஆராயத் தொடங்கிவிட்டான். ஒரு நாள் தகப்பனார் தற்செயலாக அறைக்குள் வந்து பார்த்தபோது, ஒரு முக்கோணத்தின் மூன்று கோணங்களும் சேர்ந்து இரண்டு செங்கோணத்துக்குச் சமம் என்பதை நிரூபிக்கும் முயற்சியில் இருந்தான். எத்தியேன் வாய் பேசாமல் நெருங்கிய நண்பர் ஒருவரிடம் போய்க் கண்ணீர் விட்டார் என்று குடும்பத்தார் எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் பிறகு யூக்ளிட் புத்தகம் பையன் கைக்கு வந்தது.

கடன் பத்திரத்தால் வந்த வினை

கிளெர்மோன் பதவியை விற்ற பணத்தின் பெரும்பகுதியை எத்தியேன் சர்க்கார் கடன் பத்திரங்களில் போட்டு வைத்திருந்தார். வட்டி வரும், வட்டியில் குடும்பம் நடக்கும். 1635-ல் பிரான்ஸ் ஸ்பெயின் தேசத்தோடு யுத்தத்தில் இறங்கியது. மன்னர் பதின்மூன்றாம் லூயிக்கு முதல் மந்திரி கார்டினல் ரிஷ்லியூ. யுத்தத்துக்குப் பணம் வேண்டும். வரிகள் ஏறின. அது போதாமல் 1638-ல் கடன் பத்திர வட்டியிலும் கை வைத்தார்கள்.

பத்திரக்காரர்கள் திரண்டு போய், அரசாங்கத்தின் நீதி நிர்வாகத் தலைவராக இருந்த சான்சலர் சேகியேயிடம் ஆட்சேபித்தார்கள். குரல் சற்றுப் பலமாகவே எழும்பியது. சிலரைப் பாஸ்டில் சிறையில் அடைத்தார்கள். எத்தியேன் பெயரும் பட்டியலில் இருந்தது. அவர் பிள்ளைகளைப் பாரிஸில் விட்டுவிட்டு இரவோடிரவாகச் சொந்த ஊர்ப் பக்கம் தலைமறைவானார். அந்த நிலையில் ஜாக்குலினுக்கு வைசூரி கண்டது. மனுஷர் பொறுக்கவில்லை. அகப்பட்டால் சிறை என்று தெரிந்தும் ரகசியமாகத் திரும்பி வந்து மகளுக்குப் பணிவிடை செய்தார். பெண் பிழைத்துக்கொண்டாள், முகத்தில் தழும்பு நின்றுவிட்டது.

தகப்பனாருக்கு விடுதலை வாங்கித் தந்ததும் அந்தப் பெண்தான். 1639-ல் ரிஷ்லியூவின் முன்னிலையில் சிறுமிகள் நடிக்கும் நாடகம் ஒன்றுக்கு ஏற்பாடாயிற்று. ஏற்பாடு செய்தவர் ரிஷ்லியூவின் சகோதரி மகள் எகியோன் சீமாட்டி. பதின்மூன்று வயது ஜாக்குலின் அதில் வெகு நன்றாக நடித்தாள். நாடகம் முடிந்ததும் கார்டினலிடம் சென்று, தானே இயற்றிய செய்யுளைச் சொல்லித் தகப்பனாரை மன்னிக்கும்படி கேட்டாள். ரிஷ்லியூ மனம் இளகினார். மன்னிப்புக் கிடைத்தது. அதோடு, எத்தியேனின் திறமையை விசாரித்துத் தெரிந்துகொண்டு, அந்த வருஷமே அவரை மேல் நார்மண்டியின் வரி வசூல் கமிஷனராக நியமித்துவிட்டார்.

சர்க்காரால் வட்டியை இழந்தவர் இப்போது சர்க்காருக்காக வரி தண்டப் போகிறார்! மறுக்க வழி இருந்ததாகத் தோன்றவில்லை.

கலகம் அடங்கிய ஊர்

அவர் போய்ச் சேர்ந்த இடம் சாதாரண இடமல்ல. உப்பு வரி என்றால் என்ன என்பதை நம் நாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை. நார்மண்டிக் கடலோரத்தில் உப்புக் காய்ச்சிப் பிழைத்தவர்களுக்குப் பழைய சலுகை ஒன்று இருந்தது. அதை எடுத்துவிட்டு முழு உப்பு வரியும் போடப் போகிறார்கள் என்று 1639 கோடையில் ஒரு வதந்தி கிளம்பியது. அவ்ரான்ஷ் என்ற ஊரில் கலகம் வெடித்தது. வெறுங்காலர் கலகம் என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர். கடல் மணலில் செருப்பில்லாமல் வேலை செய்தவர்களின் கலகம். ஆகஸ்டு மாதம் ரூவான் நகரமும் பற்றிக்கொண்டது. துணிச் சாயத்தைச் சோதித்து வரி விதிக்க வந்த அதிகாரி ஒருவரை ஜனங்கள் கொன்றுவிட்டார்கள். வரி ஆபீஸ்களைச் சூறையாடினார்கள்.

பட்டாளம் வந்தது. அவ்ரான்ஷில் கலகக்காரர்கள் முறியடிக்கப்பட்டார்கள். 1640 ஜனவரியில் சான்சலர் சேகியேயே படையோடு ரூவானுக்கு வந்து தண்டனை வழங்கினார். சிலர் தூக்கிலிடப்பட்டார்கள், நகரத்தின்மீது பெருந்தொகை அபராதம் விழுந்தது, மாகாண நீதிமன்றத்தையே சஸ்பெண்டு செய்துவிட்டார்கள். எத்தியேன் பாஸ்கல் அதே சமயத்தில்தான் ரூவானுக்கு வந்து பதவி ஏற்றார். பதிவேடுகள் சீர்குலைந்து கிடந்தன. பாக்கிகள் மலைபோல் குவிந்திருந்தன. வரிக்காரன் என்றாலே ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவர் கைசுத்தமானவர் என்பதைப் பலரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அன்பளிப்பு எதையும் தொடமாட்டார். அவரிடம் காரியஸ்தராயிருந்த உறவினர் ஒருவர் யாரிடமோ ஒரு பொற்காசு வாங்கியது தெரிந்ததும், உறவு என்றும் பாராமல் வேலையை விட்டு நீக்கினார் என்று ஒரு செய்தி அந்தக் குடும்பத்தில் வழங்கியது. கலகத்துக்கு அடுத்த வருஷங்களில் வரி ஆபீஸராயிருந்து கெட்ட பெயர் எடுக்காமல் தப்புவது லேசான காரியமல்ல.

தாய் என்னும் வரி

எத்தியேன் வசூலித்த முக்கிய வரியின் பெயர் தமிழ்க் காதுக்குத் தாய் என்றே கேட்கும். பெயர்தான் அப்படி, குணம் வேறு. பிரபுக்களுக்கு அந்த வரி இல்லை. பாதிரிமாருக்கு இல்லை. பதவி வாங்கியவர்களில் பலருக்கு இல்லை. பெரிய பட்டணங்கள் பலவற்றுக்கும் விலக்கு உண்டு. எஞ்சியவன் குடியானவன். அவன்தான் கட்ட வேண்டும்.

எவ்வளவு கட்ட வேண்டும் என்பதைத் தீர்மானித்த விதம் விசித்திரமானது. இன்னாருக்கு இவ்வளவு வருமானம், அதில் இத்தனை பங்கு வரி என்று கீழிருந்து மேலே கணக்குப் போகவில்லை. மேலிருந்து கீழே வந்தது. இந்த வருஷம் இத்தனை லட்சம் தேவை என்று மன்னரின் ஆலோசனை சபை முடிவு செய்யும். அத்தொகையை மாகாணங்களுக்குப் பங்கிடுவார்கள். மாகாணத்தின் பங்கை ஜில்லாக்களுக்கும், ஜில்லாவின் பங்கை நூற்றுக்கணக்கான கிராமங்களுக்கும் பிரிப்பார்கள். கிராமத்தின் பங்கை, அந்த ஊராரே தேர்ந்தெடுத்த தண்டல்காரர்கள் வீடு வீடாகப் பிரிக்க வேண்டும். ஒருவன் கட்டாவிட்டால் அவன் பங்கு மற்றவர்கள் தலையில் விழும். மொத்தம் குறைந்தால் தண்டல்காரனே சிறைக்குப் போவான்.

ஆகவே மேலே ஒரு கூட்டலில் பிசகு ஏற்பட்டால் கீழே ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஒரு குடிசையில் பசு மாடு ஜப்தியாகும். எத்தியேன் இரவு இரண்டு மணிவரை விழித்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாயிருக்கலாம். யுத்த காலத்தில் இந்த வரி இரண்டு மடங்குக்குமேல் ஏறியிருந்தது. 1642 ஆகஸ்டில் மற்றோர் உத்தரவும் வந்தது. அதுவரை உள்ளூர் வரி அதிகாரிகள் செய்துவந்த பங்கீட்டு வேலையை இனி மன்னரின் கமிஷனர்களே நடத்த வேண்டும் என்று அதில் கண்டிருந்தது. நாலு மாதத் தூக்கம் போனது அதற்குப் பிறகுதான்.

மூத்த மகளை மணந்த பெரியே என்பவரும் ரூவானுக்கு வந்து மாமனாருக்கு உதவினார். மகனும் உட்கார்ந்து கணக்குப் போட்டான். கோடு கிழித்த மேஜைமேல் வட்ட வில்லைகளை வைத்து நகர்த்துவது ஒரு முறை. காகிதத்தில் எழுதிக் கூட்டுவது இன்னொரு முறை. இரண்டும் சலிப்பூட்டுபவை. பதினாறு வயதிலேயே கூம்பு வெட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரையை அச்சிட்டு, பாரிஸ் பண்டிதர்களை வியக்க வைத்த பையன் அவன். அப்படிப்பட்டவன் கிராமவாரிப் பேரேட்டைக் கூட்டிக்கொண்டிருந்தான் என்றால், அவன் மனம் வேறு வழி தேடியதில் ஆச்சரியமில்லை.

பன்னிரண்டும் இருபதும்

1642-ல் வேலை தொடங்கிற்று. கூட்டலில் கஷ்டம் எங்கே இருக்கிறது? எண்களைச் சேர்ப்பதில் அல்ல. மீதியை அடுத்த ஸ்தானத்துக்கு ஏற்றுவதில். நம் நாட்டில் 1957-ல் தசாம்ச நாணயம் வருவதற்கு முன் கணக்குப் படித்தவர்களுக்கு இது தெரியும். பன்னிரண்டு பை சேர்ந்தால் ஓரணா. பதினாறு அணா சேர்ந்தால் ஒரு ரூபாய். பிரான்ஸிலும் இதே தொல்லை. பன்னிரண்டு தெனியே ஒரு ஸோல். இருபது ஸோல் ஒரு லிவ்ர். நூறு வரிகளைக் கூட்டும்போது எந்த இடத்தில் பன்னிரண்டால் வகுப்பது, எந்த இடத்தில் இருபதால் வகுப்பது என்று மனம் தடுமாறினால் கணக்கு முழுவதும் பாழ்.

பாஸ்கல் செய்தது ஒரு நீண்ட பித்தளைப் பெட்டி. ஒன்றே கால் அடி நீளத்துக்கு மேல் இராது. மேல் தகட்டில் வரிசையாகச் சக்கரங்கள். பழைய டெலிபோனில் விரலை விட்டுச் சுழற்றுவோமே, ஏறக்குறைய அதைப் போலத்தான். வேண்டிய எண்ணுக்கு நேரே ஒரு குச்சியைச் செருகித் தடை வரும்வரை சுழற்ற வேண்டும். மேலேயுள்ள சிறு ஜன்னலில் எண் தெரியும். அடுத்த எண்ணையும் அப்படியே சுழற்றினால் கூட்டுத் தொகை ஜன்னலில் வந்து நிற்கும். வரி ஆபீஸுக்கென்று செய்த யந்திரங்களில் வலது கோடிச் சக்கரம் பன்னிரண்டு பிரிவுகள் கொண்டது. அதற்கு அடுத்தது இருபது பிரிவுகள் கொண்டது. மற்றவை பத்துப் பத்து. தெனியே, ஸோல், லிவ்ர் மூன்றும் ஒரே பெட்டிக்குள் அடங்கின.

மீதி ஏற்றுவதைத்தான் யோசித்து யோசித்துச் செய்தார். ஒரு சக்கரம் ஒரு சுற்று முடித்ததும் தன் பல்லால் அடுத்த சக்கரத்தை ஒரு படி தள்ளலாம். எல்லோருக்கும் தோன்றக்கூடிய வழி அது. ஆனால் ஜன்னலில் 99,999 நிற்கும்போது ஒன்றைக் கூட்டினால் என்ன ஆகும்? ஐந்து சக்கரமும் ஒரே கணத்தில் திரும்பி ஆறாவதையும் அசைக்க வேண்டும். ஒரு விரலின் பலத்தால் அது நடக்காது, சக்கரங்கள் இறுகிக்கொள்ளும். பாஸ்கல் கண்ட உபாயம் இது: ஒவ்வொரு சக்கரமும் சுழலும்போதே ஒரு சிறு எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டே போகும். ஒன்பதைத் தாண்டிப் பூஜ்யத்துக்கு வரும் தருணத்தில் அந்த எடை விடுபட்டுக் கீழே விழும். விழும் வேகத்தில் அடுத்த சக்கரத்தை ஒரு படி உதைத்துவிடும். எத்தனை சக்கரம் இருந்தாலும் ஒவ்வொன்றையும் தள்ளுவதற்கு அதனதன் பக்கத்து எடை இருக்கிறது. விரலுக்குப் பாரமில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் உண்டு. சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுழற்ற முடியாது. அப்படியானால் கழித்தல் எப்படி? ஒவ்வோர் எண்ணும் ஒன்பதுக்கு எவ்வளவு குறைகிறது என்பதைக் காட்டும் இன்னொரு வரிசை எண்களை ஜன்னலுக்குள் எழுதி வைத்து, மேலே நகரும் பட்டை ஒன்றைப் பொருத்தினார். பட்டையை நகர்த்தினால் கூட்டும் யந்திரமே கழிக்கும் யந்திரமாகிவிடும். இருபது வயது நிரம்பாதவர் யோசித்த யோசனை!

தொழிலாளிகளோடு போராட்டம்

மனத்தில் இருந்த யந்திரம் வேறு. கையில் வந்த யந்திரம் வேறு. கோபுரக் கடிகாரத்துக்கும் மாவு ஆலைக்கும் பல் சக்கரம் செய்து பழகியவர்களை, உள்ளங்கையில் அடங்கும் சக்கரங்களைப் பிசகில்லாமல் செய்யச் சொன்னால் முடிகிற காரியமா? ஒரு பல் சற்றுப் பருத்தாலும் மீதி ஏறாது. மரத்தில் செய்தார்கள், தந்தத்தில் செய்தார்கள், செம்பில் செய்தார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட மாதிரிகள் உருவாயின. கரடுமுரடான சாலைகளில் 250 லீகு தூரத்துக்கு மேல் வண்டியில் கொண்டுபோய்ப் பார்த்தும் கெடாமல் நின்ற பிறகே பாஸ்கலுக்குத் திருப்தி ஏற்பட்டது.

இதற்கிடையில் ரூவானில் ஒரு கடிகாரக்காரர் இந்த யந்திரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, தாமாகவே ஒன்று செய்துவிட்டார். வெளியே பளபளவென்று மெருகு. உள்ளே ஒன்றுக்கும் உதவாத சக்கரங்கள். அதையும் ஒருவர் வாங்கி அபூர்வப் பொருள்களோடு வைத்துக்கொண்டார்! இதைக் கண்டு பாஸ்கல் மனம் நொந்துபோனார். அசல் எது, போலி எது என்று ஜனங்களுக்குத் தெரியாவிட்டால் தம் கண்டுபிடிப்பின் பெயரே கெட்டுவிடும் என்று எண்ணினார். தொழிலாளிகள் அனைவரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையை நிறுத்தினார்.

அவரை மீண்டும் ஊக்கி வேலையைத் தொடங்கச் செய்தவர் யார் என்றால், சான்சலர் சேகியே. பத்திரக்காரர்களின் கூச்சலைக் கேட்டவரும் அவரே. ரூவானைத் தண்டித்தவரும் அவரே. இப்போது வரிக் கணக்கு யந்திரத்துக்குப் போஷகரும் அவரே. 1645-ல் பூர்த்தியான யந்திரத்தைப் பாஸ்கல் அவருக்கே சமர்ப்பணம் செய்தார். எத்தியேன் எதற்காகத் தலைமறைவானார் என்பதை இருவரில் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். சர்க்கார் காரியம் அப்படித்தான் நடந்தது.

இந்த உழைப்பு பாஸ்கலின் உடம்பை உருக்கிவிட்டது. பதினெட்டு வயதுக்குப் பிறகு வலியில்லாத நாள் ஒன்றையும் தாம் கண்டதில்லை என்று அவர் சொல்வதுண்டாம். அதைத் தமக்கை ஜில்பெர்த் எழுதி வைத்திருக்கிறார்.

சாசனம் வந்தது, சந்தை வரவில்லை

1649 மே 22-ந் தேதி மன்னர் பதினான்காம் லூயியின் பெயரால் ஒரு சாசனம் வெளியாயிற்று. மன்னருக்கு அப்போது பத்து வயது. பாஸ்கலின் அனுமதியின்றி எவரும் கணக்கு யந்திரம் செய்யவோ விற்கவோ கூடாது. மீறினால் 3,000 லிவ்ர் அபராதம். அதே சாசனம், யந்திரத்தின் விலை அதிகமாயிருப்பதால் பொது மக்களுக்குப் பயனற்றதுபோல் இருக்கிறது என்பதையும், விலையைக் குறைக்கப் பாஸ்கல் முயன்று வருகிறார் என்பதையும் ஒப்புக்கொண்டிருந்தது. விலை சுமார் 100 லிவ்ர். ஒரு கூலியாள் பல மாதம் உழைத்தால்தான் சேரக்கூடிய பணம்.

சர்க்கார் பாதுகாப்பு அளித்ததே தவிர, தன் வரி ஆபீஸ்களுக்கென்று அந்த யந்திரங்களை வாங்கிப் பரப்பவில்லை. அதற்கு ஆளும் இல்லை, காலமும் இல்லை. 1648-ல் பாரிஸில் உள்நாட்டுக் குழப்பம் மூண்டது. வரிக் கொடுமையைக் கண்டித்த நீதிபதிகளின் வற்புறுத்தலால் மாகாணங்களிலிருந்த மன்னரின் கமிஷனர்களைப் பெரும்பாலும் திருப்பி அழைத்துவிட்டார்கள். எத்தியேனின் ரூவான் உத்தியோகமும் அத்தோடு முடிந்தது. எந்த நாற்காலிக்காக யந்திரம் பிறந்ததோ அந்த நாற்காலியே காலியான அடுத்த வருஷம்தான் சாசனம் கிடைத்தது!

மொத்தம் இருபது யந்திரங்களுக்குச் சற்று முன்பின்னாகவே விற்பனைக்குத் தயாராயின. வாங்கியவர்களில் பலர் கணக்குப் போட வாங்கவில்லை. வருவோர் போவோருக்குக் காட்ட வாங்கினார்கள். 1652-ல் பாஸ்கல் ஒன்றை ஸ்வீடன் ராணி கிறிஸ்டீனாவுக்கு அனுப்பி வைத்தார். அதே வருஷம் பாரிஸில் ஒரு மாளிகையில் கனவான்கள் கூடியிருக்க யந்திரத்தை இயக்கிக் காட்டினார். மாளிகை வேறு எவருடையதுமல்ல. ஜாக்குலினை நாடகத்தில் நடிக்க வைத்த எகியோன் சீமாட்டியுடையது.

கணக்கு யந்திரத்தை முதலில் யோசித்தவர் பாஸ்கல்தானா என்றால், இல்லை. அவர் பிறந்த 1623-ம் வருஷத்திலேயே ஜெர்மனியில் ஷிக்கார்ட் என்ற பேராசிரியர் ஒரு கணக்குக் கடிகாரத்தைத் திட்டமிட்டிருந்தார். அவர் செய்வித்த யந்திரம் ஒன்று தீயில் எரிந்துபோயிற்று. விஷயமே இருபதாம் நூற்றாண்டில்தான் வெளிச்சத்துக்கு வந்தது. பாஸ்கலுக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. பல பிரதிகள் செய்து, விலை வைத்து, ஜனங்கள் கையில் கொடுத்தவர் பாஸ்கல்தான். அவருக்குப் பின் லைப்னிட்ஸ் பெருக்கலுக்கும் யந்திரம் செய்தார். 1820-ல் அதே பிரான்ஸில் தொமாஸ் என்பவர் செய்த கணக்கு யந்திரம்தான் ஆபீஸ் மேஜைகளுக்கு உண்மையாகவே வந்து சேர்ந்தது.

பிற்கால வாழ்க்கை

1651 செப்டம்பரில் தகப்பனார் காலமானார். அடுத்த ஜனவரியில் ஜாக்குலின் போர்-ராயல் மடத்தில் கன்னிகாஸ்திரீயாகச் சேர்ந்துவிட்டார். பாஸ்கல் தனித்துப்போனார். காற்றுக்கு எடை உண்டு என்பதை நிரூபிக்க, 1648-ல் தமக்கை கணவரைப் பாதரசக் குழாயோடு மலையுச்சிக்கு அனுப்பிச் செய்வித்த சோதனை அவருக்கு முன்னமே பெரும் புகழைத் தந்திருந்தது. 1654-ல் பெர்மா என்ற கணித மேதையோடு கடிதம் மூலம் விவாதித்து, சூதாட்டப் பந்தயத்தைப் பங்கிடும் கணக்கிலிருந்து நிகழ்தகவுக் கணிதத்துக்கு அஸ்திவாரம் போட்டார். அந்த வருஷம் நவம்பர் 23-ந் தேதி இரவு அவருக்கு ஏற்பட்ட தெய்வ அனுபவத்துக்குப் பிறகு மனம் பெரும்பாலும் பக்தி மார்க்கத்திலேயே சென்றது. அவர் இறந்தபின் 1670-ல் சிந்தனைகள் என்ற பெயரில் வெளியான குறிப்புகளில், கணக்கு யந்திரம் மிருகங்களின் செய்கையைவிடச் சிந்தனைக்கு அதிக நெருக்கமான காரியத்தைச் செய்கிறது. ஆனால் மிருகங்களுக்கு உள்ள இச்சை அதற்கு இல்லை என்னும் கருத்தை ஓரிடத்தில் குறித்திருக்கிறார்.

யந்திரம் தகராறில்லாமல் கூட்டிக் கொடுக்கும். பிரபுவை விட்டுவிட்டுக் குடியானவனைப் பட்டியலில் சேர்த்தது யார் என்று அது கேட்காது. நார்மண்டியில் பார்த்ததைப் பற்றிப் பாஸ்கல் பிற்காலத்தில் தனியாக ஒன்றும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பணத்தை அவர் செலவழித்த விதம் தெரியும். 1662 மார்ச்சில் பாரிஸ் தெருக்களில் குறித்த வழியில், குறித்த நேரத்தில் ஓடும் குதிரை வண்டிகளை நண்பர்களோடு சேர்ந்து ஏற்படுத்தினார். ஒருவருக்குக் கட்டணம் ஐந்து ஸோல். இன்றைய டவுன் பஸ்ஸுக்கு அதுவே முன்னோடி. அப்போது ப்ளுவா பகுதியில் கடும் பஞ்சம். வண்டி வருமானத்தில் தம் பங்கை முன்பணமாகக் கேட்டு, அங்குள்ள ஏழைகளுக்கு அனுப்ப முயன்றார். இனிமேல்தான் லாபநஷ்டம் தெரியும், பொறுங்கள் என்று மற்றவர்கள் தடுத்தார்கள். நஷ்டம் வந்தால் தம் சொத்திலிருந்து ஈடுகட்டுவதாகச் சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை.

அந்தக் கோடையில் அவர் வீட்டில் இடம் கொடுத்து வைத்திருந்த ஏழைக் குடும்பத்தில் ஒரு குழந்தைக்கு வைசூரி கண்டது. குழந்தையை வெளியேற்ற மனமில்லாமல், நோயாளியான தாமே வீட்டை விட்டுத் தமக்கை வீட்டுக்குப் போனார். 1662 ஆகஸ்டு 19-ந் தேதி அங்கேயே உயிர் பிரிந்தது. வயது முப்பத்தொன்பது.

அவர் செய்த யந்திரங்களில் எட்டு, ஒன்பதுதான் இன்று மிஞ்சியிருக்கின்றன. பாரிஸிலுள்ள தொழிற்கலைக் காட்சிசாலையில் அவற்றில் சில இருக்கின்றன. சில யந்திரங்களில் எல்லாச் சக்கரமும் பத்துப் பிரிவு. வேறு சிலவற்றில், வலது ஓரத்தில், பன்னிரண்டு பிரிவுச் சக்கரமும் இருபது பிரிவுச் சக்கரமும் இன்னும் அப்படியே இருக்கின்றன. தாய் வரி 1789-ல் தொடங்கிய புரட்சியோடு ஒழிந்தது. ஸோலும் தெனியேயும் 1795-ல் தசாம்ச நாணயம் வந்தபோது சட்டத்திலிருந்து நீங்கின.